நிற்பவர்களுக்கும் பெயர் உண்டு

திருப்பூரில் பழைய பனியன் கம்பெனிகள் பலவற்றில் ஆபீஸ் அறைச் சுவரில் ஒரு குரூப் போட்டோ தொங்கும். பெரும்பாலும் ஆயுத பூஜை அன்று எடுத்ததாக இருக்கும். நடு வரிசையில் நாற்காலி போட்டு முதலாளி, பங்குதாரர்கள், கணக்குப்பிள்ளை, ஊர்ப் பெரியவர் ஒருவர். அவர்கள் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்த பொடியன்கள். பின்னால் பெஞ்சு மேல் ஏறி நிற்கும் கட்டிங் மாஸ்டர், டெய்லர்கள், கைமடிப் பெண்கள், அயர்ன்காரர், பேக்கிங் ஆட்கள். படத்துக்கு அடியில் பெயர்கள் அச்சடித்திருந்தால், அந்தப் பட்டியல் 'அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்' என்று தொடங்கி அந்த வரிசையோடு முடிந்துவிடும். நிற்கிறவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து 'தொழிலாளர்கள்' என்று ஒரே சொல்.

அப்படி ஒரு படத்தைக் கையில் வாங்கினால் எவருக்கும் முதலில் வாயில் வருவது, "இதாருங்க?" என்பதுதான். வீட்டில் வயசாளி இருந்தால் பதில் கிடைக்கும். "அது நம்ம ஓவர்லாக் டெய்லர், பக்கத்துல நிக்கறது அவரு மச்சான்" என்று கதையோடு கிடைக்கும். பதில் சொல்ல ஆளில்லாத படத்தை என்ன செய்வது? முன்பின் தெரியாத ஊர் உலகத்தையே கூட்டி வைத்து, "இதாருங்க?" என்று கேட்டால் என்ன? கேட்டுப் பார்த்தார்கள். அது ஒரு வழக்கமாகவே வளர்ந்துவிட்டது. அந்த வழக்கம் பிறந்த கதை இது.

கண்ணாடித் தகட்டில் கிறுக்கிய பெயர்கள்

2008 ஜனவரி 16 அன்று, வாஷிங்டனில் இருக்கும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தன் சேமிப்பிலிருந்து 3,115 படங்களை ஃபிளிக்கர் தளத்தில் ஏற்றியது. ஃபிளிக்கர் அப்போது பிறந்தநாள் படமும் சுற்றுலாப் படமும் போடுகிற இடம். உலகத்தின் மிகப் பெரிய நூலகங்களில் ஒன்று அங்கே போய்க் கடை விரித்தது அந்தத் துறையில் பலருக்குப் புதுமையாகப் பட்டது.

ஏற்றிய படங்கள் இரண்டு வகை. சுமார் 1,600 படங்கள், 1939 முதல் 1944 வரை அமெரிக்க அரசு எடுத்த வண்ணப் படங்கள். மற்ற 1,500 படங்கள்தான் நம் கதைக்கு முக்கியம். ஜார்ஜ் கிரந்தாம் பெயின் என்பவர் 1898-ல் நியூயார்க்கில் செய்திப் பட நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். பத்திரிகைகளுக்குப் படம் விற்பது தொழில். எதிர்ப்படம் கண்ணாடித் தகட்டில் இருக்கும். படத்தில் யார் என்பதை அந்தத் தகட்டின் ஓரத்திலேயே அவசரமாகக் கிறுக்கி வைப்பார்கள். முழுப்பெயர் எழுத நேரம் இருக்காது. பின்பாதிப் பெயர் மட்டும் இருக்கும், அதுவும் எழுத்துப் பிழையோடு. அன்றைக்கு நாளிதழ் படிக்கிறவனுக்கு அது போதும். 1948-ல் நூலகம் அந்தத் தகடுகளை வாங்கியபோது, கிறுக்கலில் இருந்த பெயர்களுக்குச் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் மறந்து போனவர்கள்.

கண்ணாடித் தகடு சுமார் 40,000. ஒவ்வொன்றையும் ஆராய்ந்து பெயர் கண்டுபிடிக்க நூலகத்தில் அத்தனை ஆள் ஏது? பிழையோடு இருந்த கிறுக்கலை அப்படியே எடுத்துத் தலைப்பாகப் போட்டு, பார்க்கிறவர்கள் தெரிந்ததைக் கீழே எழுதலாம் என்று விட்டார்கள். 'எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியுமா?' என்று ஓர் ஆவணக் காப்பகம் நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்வது சின்ன காரியமில்லை. காப்பகம் என்றால் எல்லாம் தெரிந்த இடம் என்றுதானே பெயர்.

அதற்கு முன்னால் ஒரு சட்டச் சிக்கலைத் தீர்க்க வேண்டியிருந்தது. ஃபிளிக்கரில் படம் போட்டால் காப்புரிமை யாருடையது என்று ஒரு கட்டத்தில் குறிக்க வேண்டும். இந்தப் படங்களுக்கு நூலகம் உரிமையாளர் அல்ல, பராமரிப்பாளர் மட்டுமே. அதனால் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார்கள்: 'அறிந்த வரையில் காப்புரிமைத் தடை ஏதும் இல்லை'. ஃபிளிக்கர் பக்கம் இந்தத் திட்டத்தை உருவாக்கியவர் ஜார்ஜ் ஓட்ஸ். பெயரைப் பார்த்து ஆண் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பெண் வடிவமைப்பாளர். திட்டத்துக்கு 'தி காமன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

பத்து மாதத்தில் கணக்குப் பார்த்தார்கள். அதற்குள் வாராவாரம் சேர்த்ததில் படங்கள் 4,615 ஆகியிருந்தன. பார்வைகள் 1 கோடியே 4 லட்சம். 2,873 படங்களுக்குக் கீழே 7,166 குறிப்புகள். தகாத வார்த்தை என்று நீக்க வேண்டியிருந்தவை 25-க்கும் குறைவு. இவ்வளவும் வந்து, நூலகத்தின் பட்டியலில் உண்மையாகத் திருத்தம் ஏறியது 500-க்குக் கொஞ்சம் மேற்பட்ட பதிவுகளில்தான்.

இந்தக் கடைசி எண்ணைக் குறைவு என்று தள்ளிவிடக் கூடாது. ஏழாயிரத்தில் பெரும்பகுதி 'அருமையான படம்' என்கிற பாராட்டும் அரட்டையும். மிச்சத்தில்தான் சரக்கு இருந்தது. அதைக் கொண்டு வந்தவர்கள் ஒரு சிறு கூட்டம். அதே தேதியின் பழைய நாளிதழைத் தேடி எடுத்து, அதில் அச்சான படத்தோடு ஒப்பிட்டு, 'இன்ன பந்தயம், இன்ன நாள், இவர் இன்னார்' என்று சான்றோடு எழுதினார்கள். நூலக ஊழியர்கள் அதைச் சரிபார்த்து, நிற்கிறதை மட்டும் பட்டியலில் ஏற்றினார்கள். ஏற்றும்போது 'மூலம்: ஃபிளிக்கர் காமன்ஸ் திட்டம், 2008' என்று அடைப்புக்குறிக்குள் குறித்தார்கள். இன்றும் அந்தப் பதிவுகளில் இதைப் பார்க்கலாம். யார் சொல்லித் தெரிந்தது என்பதையும் சேர்த்து எழுதிவைத்த அந்த ஒரு வரியில்தான் இந்த வழக்கத்துக்கு முதுகெலும்பு உருவானது. அதே ஆண்டிலேயே சிட்னியின் பவர்ஹவுஸ் அருங்காட்சியகம், ஸ்மித்சோனியன் என்று மற்ற நிறுவனங்களும் வரிசையாகச் சேர்ந்தன.

பனிநாட்டில் முதலில் கேட்ட கேள்வி

காமன்ஸ் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, கனடாவில் இதே கேள்வியை வேறு ஒரு கூட்டம் கேட்டுவிட்டது. கேட்டவர்கள் மாணவர்கள்.

கனடாவின் வட கோடியில் இனுவிட் மக்கள் வாழ்கிறார்கள். 1940-களிலும் 50-களிலும் தெற்கிலிருந்து போன புகைப்படக்காரர்கள் அவர்களை ஆயிரக்கணக்கில் படம் எடுத்தார்கள். படங்கள் ஒட்டாவா தேசியக் காப்பகத்தில் பத்திரமாக இருந்தன. படத்தில் இருந்தவர்களின் பெயர் மட்டும் இல்லை. 'எஸ்கிமோ பெண்', 'குழந்தையோடு தாய்' என்று எழுதியதோடு சரி. அந்தக் காலத்தில் கனடா அரசு அவர்களைப் பெயரால் பதியவில்லை. 1941 முதல் ஆளுக்கொரு எண் பொறித்த வில்லையைக் கழுத்தில் மாட்டச் சொல்லியிருந்தது. பெயர் கேட்டு எழுத வேண்டும் என்று படம் எடுத்தவருக்குத் தோன்றாததில் ஆச்சரியம் இல்லை.

1999-ல் நுனாவுட் தனிப் பிரதேசம் ஆயிற்று. ஒட்டாவாவில் படிக்க வந்த இனுவிட் இளைஞர்களுக்கு நுனாவுட் சிவுனிக்சாவுட் என்று ஒரு கல்வித் திட்டம் உண்டு. அந்த மாணவர்களும் தேசியக் காப்பகமும் நுனாவுட் அரசும் சேர்ந்து 2000-களின் தொடக்கத்தில் 'புராஜெக்ட் நேமிங்' என்ற வேலையைத் தொடங்கினார்கள். ரிச்சர்ட் ஹாரிங்டன் என்ற புகைப்படக்காரரின் படங்களை ஸ்கேன் செய்து, மடிக்கணினியில் ஏற்றி, மாணவர்கள் ஊருக்கு எடுத்துப் போனார்கள். பாட்டி தாத்தாக்கள் முன்னால் ஒவ்வொரு படமாகத் திறந்தார்கள். திரையில் வந்தவர்கள் அவர்களுடைய அண்ணன், சித்தி, சிறு வயதில் தவறிய தோழி. பெயர்கள் வந்தன, பெயரோடு உறவு முறையும் வேட்டைக் கதையும் வந்தன. பின்னர் படங்களை இணையத்தில் போட்டு எல்லாரிடமும் கேட்டார்கள். 2015-ல் கனடாவின் மற்ற பழங்குடிகளுக்கும் திட்டம் விரிந்தது.

வாஷிங்டனில் விடை சொன்னவர் பழைய நாளிதழைப் புரட்டத் தெரிந்தவர். நுனாவுட்டில் விடை சொன்னவர் படத்தில் இருப்பவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர். இரண்டும் வெவ்வேறு அறிவு. பிரபலங்களின் படத்துக்கு முதல் வகை போதும். நாளிதழில் பெயர் வராத மனிதருக்கு இரண்டாவது வகையை விட்டால் வழியே இல்லை.

நூற்பாலைச் சிறுமி

அப்படி நாளிதழில் பெயர் வராதவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்கள் ஆலைத் தொழிலாளிகள். பருத்தியும் நூலும் பிழைப்பாகக் கொண்ட திருப்பூர், கோவைக்காரர்களுக்கு அடுத்த கதை நெருக்கமானது.

லூயிஸ் ஹைன் என்ற பள்ளி ஆசிரியர், 1908-ல் வேலையை விட்டுவிட்டு அமெரிக்காவின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகக் கேமராவோடு கிளம்பினார். ஆலை முதலாளிகள் உள்ளே விடமாட்டார்கள். பைபிள் விற்பவன், தீயணைப்பு ஆய்வாளன், போஸ்ட்கார்டு வியாபாரி என்று ஏதாவது வேஷம் போட்டு நுழைவார். சட்டைக்கு மேல் போட்ட கையில்லாக் கோட்டில் எந்தப் பொத்தான் எத்தனை உயரம் என்று அளந்து வைத்திருப்பார். குழந்தை பக்கத்தில் வந்து நின்றால் தலை எந்தப் பொத்தான் வரை வருகிறது என்று பார்த்து உயரத்தைக் குறித்துக்கொள்வார். பெயர், வயது, கூலி எல்லாவற்றையும் கோட்டுப் பைக்குள் கையை விட்டபடியே துண்டுக் காகிதத்தில் எழுதுவார். பெயர் இல்லாத படத்தை முதலாளி 'பொய்' என்று சொல்லிவிடலாம். பெயரும் ஊரும் இருந்தால் அது சாட்சியம். அவர் எடுத்த 5,000-க்கு மேற்பட்ட படங்கள் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன.

1910 ஆகஸ்டில் வெர்மான்ட் மாநிலத்தின் வடக்கு பவுனல் என்ற சிற்றூரில், நூற்பு இயந்திரத்தில் ஒரு கையை ஊன்றி நிற்கும் ஒரு சிறுமியை ஹைன் படம் எடுத்தார். வெறுங்கால். கிழிந்து எண்ணெய் படிந்த மேலாடை. பின்னால் கதிர்கள் வரிசை போட்டு மங்கிப் போகின்றன. கேமராவை நேராகப் பார்க்கிறாள். அடி லயர்ட் என்று பெயர் திரிந்து, அந்த முகம் நூறு புத்தகங்களில் குழந்தைத் தொழிலின் அடையாளமாக வந்தது. 1998-ல் அமெரிக்கத் தபால் துறை தபால் தலையாகவே வெளியிட்டது. அவள் யார், என்ன ஆனாள் என்பது எவருக்கும் தெரியாது.

எலிசபெத் விந்த்ராப் என்ற நாவலாசிரியை அந்தப் படத்தை வைத்து ஒரு கதை எழுதினார். எழுதி முடித்ததும் கற்பனைச் சிறுமி போதவில்லை. நிஜச் சிறுமியைத் தேடினார். பழைய மக்கள்தொகைக் கணக்கில் பார்த்தபோது பெயர் லயர்ட் இல்லை, கார்டு: அடி கார்டு. 2005-ல் அவர் ஜோ மேனிங் என்பவரின் துணையை நாடினார். மேனிங் ஓய்வுபெற்ற சமூகப் பணியாளர். பிறப்பு இறப்புப் பதிவு, திருமணப் பதிவு, ஊர் முகவரிப் புத்தகம், இரங்கல் செய்தி, கல்லறைக் கல் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் போய், அடியின் குடும்பத்தைத் தொலைபேசியில் எட்டிவிட்டார். அடி தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 1993-ல் இறந்திருந்தார். தபால் தலை வந்தது அதற்கு ஐந்து ஆண்டு கழித்து. தங்கள் பாட்டி தேசத்துக்கே தெரிந்த முகம் என்பது வீட்டாருக்குத் தெரியாது.

மேனிங் அதோடு நிற்கவில்லை. ஹைன் எடுத்த குழந்தைகள் 300-க்கு மேற்பட்டவர்களின் பிற்கால வாழ்க்கையைத் தேடிக் கண்டுபிடித்தார். அவர் கையாண்ட வழி எளிமையானது. அந்தந்த ஊரின் சிறு பத்திரிகையில் படத்தைப் போட்டு, 'இவரைத் தெரிந்தவர் உண்டா?' என்று கேட்பார். தேடித் தந்தவை இணையமும் ஆவணங்களும். கடைசி அடியை எடுத்து வைத்தது பெரும்பாலும் பேரனோ பேத்தியோதான்.

கால் மடிப்பில் தெரிந்த உண்மை

தெரியாத பெயரைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம், தப்பான பெயரை நீக்குவது. பின்னலாடையில் ஒரு கண்ணி விட்டால் அது துணி நெடுக ஓடுகிற மாதிரி, ஒரு படத்தில் தப்பாக ஏறிய பெயர் புத்தகம், சினிமா, சிலை என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

1945 பிப்ரவரி 23 அன்று ஐவோ ஜிமா தீவின் மலை ஒன்றில் ஆறு அமெரிக்க வீரர்கள் கொடிக்கம்பம் நடும் படத்தை ஜோ ரோசந்தால் எடுத்தார். உலகத்தில் அதிகம் அச்சான போர்ப் படங்களில் ஒன்று. ஆறு பேரும் யார் என்று அப்போதே அறிவித்துவிட்டார்கள். அவர்களில் ஒருவராகச் சொல்லப்பட்ட ஜான் பிராட்லியின் மகன் எழுதிய புத்தகத்தைக் கிளின்ட் ஈஸ்ட்வுட் படமாகவே எடுத்தார்.

அயர்லாந்தில் ஸ்டீபன் ஃபோலி என்பவரும் அமெரிக்காவின் ஒமாகா நகரில் எரிக் கிரெல் என்பவரும் வரலாற்றுப் பேராசிரியர்கள் அல்லர், ஆர்வலர்கள். கிரெல்லுக்குத் தொழில் பொம்மை வடிவமைப்பது. இணையத்தில் கிடைத்த, அதே நாள் அதே மலையில் எடுத்த மற்றப் படங்களை வைத்துக்கொண்டு உடையை உடையோடு ஒப்பிட்டார்கள். மற்றப் படங்களில் பிராட்லியின் கால்சட்டை அடியில் மடித்துவிட்டிருக்கிறது. கொடிப் படத்தில் பிராட்லி எனப்பட்டவரின் கால்சட்டையில் அந்த மடிப்பு இல்லை. இடுப்பில், மருத்துவ உதவியாளரான பிராட்லிக்குரிய பெல்ட்டுக்குப் பதில் தோட்டா பெல்ட்டும் கம்பி வெட்டியும். அப்படியானால் இவர் வேறு ஆள். 2014-ல் இது செய்தியானது. 2016-ல் அமெரிக்க மரைன் படை ஆராய்ந்து ஒப்புக்கொண்டது: பிராட்லி அந்தப் படத்தில் இல்லை, ஹரோல்ட் ஷுல்ட்ஸ் என்பவர் இருக்கிறார். ஷுல்ட்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸ் தபால் துறையில் வேலை பார்த்து, இதை ஊரறியச் சொல்லாமலே 1995-ல் இறந்தவர். 2019-ல் ஆர்வலர்களின் ஆராய்ச்சியால் இன்னொரு பெயரும் மாறியது.

எழுபது ஆண்டு நின்ற பெயரைச் சாய்த்தது ஒரு கால் மடிப்பு. தையல்காரன் கண்ணுக்கு முதலில் தெரிவது அதுதானே.

பிறகு இயந்திரம் வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால வீரர்களின் படங்களுக்குப் பெயர் கண்டுபிடிக்க, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் கணினிப் பேராசிரியர் கர்ட் லூதர் 2018-ல் ஒரு தளம் தொடங்கினார். 2013-ல் பிட்ஸ்பர்க் கண்காட்சி ஒன்றில் அந்தப் போரில் இருந்த தன் முன்னோர் ஒருவரின் படத்தை அவர் தற்செயலாகப் பார்த்ததுதான் தூண்டுதல். முகத்தைக் கணினி ஒப்பிட்டு, ஒத்துப்போகும் சில முகங்களை எடுத்து நீட்டும். அவர்களில் யார் என்று முடிவு செய்வது மனிதர். சீருடையின் பட்டை, தொப்பியின் முத்திரை, படம் எடுத்த ஸ்டுடியோவின் ஊர் எல்லாம் பொருந்த வேண்டும். கணினிக்குச் சாயல் தெரியும். அண்ணன் தம்பிக்கும் சாயல் ஒன்றாகத்தான் இருக்கும்.

நம் பக்கத்தில்

நம் ஊர்ப் பழைய படங்களில் பெயர் விடுபட்டதற்கு நமக்கே உரிய வரலாறு ஒன்று இருக்கிறது. 1868 முதல் 1875 வரை பிரிட்டிஷ் இந்திய அரசு 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' என்று எட்டுத் தொகுதிகள் வெளியிட்டது. 460-க்கு மேற்பட்ட படங்கள். பெரும்பாலானவற்றில் தலைப்பாக இருப்பது சாதியின், இனக்குழுவின் பெயர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909-ல் தென்னிந்தியச் சாதிகள் பற்றி ஏழு தொகுதி வெளியிட்டார். அதிலும் அப்படியே. ஒரு மனிதர் கேமராவைப் பார்த்து நிற்பார். கீழே அவர் எந்தச் சாதிக்கு 'மாதிரி' என்று இருக்கும். ஒட்டாவாவில் 'எஸ்கிமோ பெண்' என்று எழுதிய கையும் இந்தக் கையும் ஒன்றுதான்.

அதற்கு எதிர்த் திசையில் இருந்தவை நம் ஸ்டுடியோக்கள். அங்கே காசு கொடுத்து, நல்ல சேலை கட்டி, பூத்தொட்டிக்குப் பக்கத்தில் தானாக விரும்பிப் போய் நின்றார்கள். அந்தப் படங்களைச் சேகரிக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் மானிடவியலாளர் ஸோயி ஹெட்லியும் குழுவினரும், பிரிட்டிஷ் லைப்ரரியின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு எடுத்துச் செய்தார்கள். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களிலும் வீடுகளிலும் கிடைத்த படங்கள் டிஜிட்டல் ஆயின. டிஜிட்டல் கேமரா வந்த பிறகு ஸ்டுடியோக்கள் மூட மூட, எதிர்ப்படங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. படம் தப்பித்தது. பெயர் தேடும் வேலை மீதி இருக்கிறது.

அந்த வேலைக்குத் திருப்பூர் வட்டாரத்தைப்போல் வாய்ப்பான இடம் குறைவு. இங்கே பனியன் தொழில் 1925-ல் குலாம் காதர் தொடங்கிய பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ் காலத்திலிருந்து வருகிறது. ஒரு நூற்றாண்டுத் தொழில், ஒரே ஊரில், நெருங்கிய தெருக்களில். படத்திலேயே காலத்தைச் சொல்லும் தடயங்கள் கொட்டிக் கிடக்கும்.

முதலில் இயந்திரம். கையால் சுற்றுகிற பின்னல் மெஷின் மட்டும் தெரிந்தால் ஒரு காலம். கூரையோரம் ஷாப்ட்டும் பெல்ட்டும் ஓடினால், 1932-ல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி இந்தப் பக்கம் கரண்ட் வந்ததற்குப் பிந்தைய காலம் என்று யோசிக்கலாம். அடுத்து பெயர்ப் பலகை. 'மெட்ராஸ் ஸ்டேட்' என்று இருந்தால் பெரும்பாலும் 1969-க்கு முந்தையது. பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிந்தையது. அந்தப் பின்கோடு 638-ல் தொடங்கினால் இன்னும் நெருங்கலாம். திருப்பூருக்கு முதலில் இருந்தது 638 601, இப்போது இருப்பது 641 601. 'கோவை மாவட்டம்' என்று போட்டிருந்தால் 2009-க்கு முன் எழுதிய பலகை. 'லை', 'னை' எழுத்துகளில் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த பழைய கொம்பு இருந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதிய பலகை. ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. பெயின்டர் பழைய கைப்பழக்கத்தில் பின்னாலும் அப்படி எழுதியிருப்பார். முதலாளியும் பலகையை இருபது வருஷம் மாற்றியிருக்க மாட்டார். பலகை சொல்வது 'இதற்கு முன் இல்லை' என்பதைத்தான்; 'இதற்குப் பின் இல்லை' என்று அது எப்போதும் சொல்லாது.

பிறகு உடை. 1978 வாக்கில் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி சரக்குத் தேடி வந்ததிலிருந்து திருப்பூரின் ஏற்றுமதிக் கதை தொடங்கியது என்பார்கள். வேலையாட்கள் உடம்பில் வெளிநாட்டு எழுத்து போட்ட டி-ஷர்ட் தெரிந்தால், எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் சரக்கு ஊருக்குள் புழங்க ஆரம்பித்த காலம் என்று பழைய செக்கிங் ஆள் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். கழுத்துப் பட்டியில் எந்த மெஷின் தையல் என்பதைச் சொல்ல, கடைசியாக யார் அந்த மெஷினில் உட்கார்ந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல, அவரை விட்டால் வேறு நிபுணர் கிடையாது.

இங்கேதான் திருப்பூர்ப் படத்தின் விசேஷம். படத்தில் பெயரில்லாமல் நிற்பவர்களும், பெயர் சொல்லத் தெரிந்தவர்களும் ஒரே கூட்டம். 1984-ல் பஞ்சப்படி கேட்டு இந்த ஊர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஊர்வலங்களில் இருபது வயதில் நடந்தவருக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. அவர் கையில் வாட்ஸ்அப் இருக்கிறது. கேட்டால் சொல்வார். இனுவிட் மாணவர்களுக்குக் கிடைத்த அதே வாய்ப்பு.

கேட்கும் முறை என்று ஒன்று உண்டு

படத்தை எடுத்துக் குழுவில் போட்டு 'யார் இவர்?' என்று கேட்பதோடு வேலை முடியாது. நூறு பேர் நூறு பெயர் சொல்வார்கள். அடுத்த வாரம் மொத்தமும் மேலே ஏறிப் போய்விடும். மற்ற ஊர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட சில ஒழுங்குகள் இருக்கின்றன.

முதலாவது, அசல் படத்தில் பேனாவால் எழுதக் கூடாது. ஸ்கேன் செய்த பிரதியில் ஒவ்வொரு தலைக்கும் எண் போட வேண்டும். நிற்கிறவர், உட்கார்ந்தவர், கதவோரம் பாதி முகம் மட்டும் தெரிகிறவர், எல்லாருக்கும். எண் இருந்தால்தான் "பதினேழாவது எங்க சித்தப்பா" என்று ஒருவர் துபாயிலிருந்தும் சொல்ல முடியும்.

இரண்டாவது, பெயரை மட்டும் எழுதினால் போதாது. யார் சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும், கூட வேலை செய்தவரா, கேள்விப்பட்டவரா என்று எழுத வேண்டும். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் அடைப்புக்குறிக்குள் போட்ட வரியின் வேலை இதுதான். ஒருவர் சொன்னதை இன்னொருவர், முதல் பதிலைப் பார்க்காமல், தனியாகச் சொன்னால் அது பலம். இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதி வைப்பது நேர்மை.

மூன்றாவதை வாஷிங்டனில் யாரும் இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அங்கே படத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் இறந்து போனவர்கள். இங்கே 1980-களின் படத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் பொடியனுக்கு இப்போது ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் கம்பெனியில் இருந்ததை அவர் பெருமையாகச் சொல்லலாம். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்றும் நினைக்கலாம். உயிரோடு இருப்பவரின் பெயரைப் பொதுவில் போடுமுன் அவரைக் கேட்க வேண்டும். 'வேண்டாம்' என்றால் பெயரைக் குறித்துப் பூட்டி வைத்துவிட்டு, படத்தில் எண்ணோடு விட்டுவிடலாம். நான்காவதும் இதோடு சேர்ந்தது: ஊரில் ஆளைச் சாதிப் பெயர் சேர்த்து அடையாளம் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. அவர் பெயரும் அவர் செய்த வேலையும் போதும். அதற்கு மேல் எழுதினால் தர்ஸ்டன் விட்ட இடத்திலிருந்து நாம் தொடர்வதாக ஆகும்.

முகம் தேடும் மென்பொருளுக்கு இதில் பங்கு உண்டு, சாயல் காட்டுகிற அளவுக்கு. ஆனால் ஒரு கைமடிப் பெண்ணின் படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால், எதோடு ஒப்பிடும் கணினி? அவர் பக்கத்து மெஷினில் இருந்தவரின் ஞாபகம்தான் அங்கே இருக்கும் ஒரே இரண்டாவது பிரதி.

ஒரு தொழில் நகரத்தின் வரலாறு அந்நியச் செலாவணிக் கணக்கிலும் சங்கத் தலைவர்களின் நினைவு மலரிலும் ஏற்கெனவே எழுதப்பட்டு வருகிறது. அதில் அமர்ந்திருப்பவர்களுக்குக் குறையில்லை. நிற்கிற வரிசையை எழுத அரசாணையோ பெரிய நிதியோ தேவைப்படாது. ஒரு ஸ்கேனர், எண் போட ஒரு பிரதி, சொன்னவர் பெயரையும் எழுதிக்கொள்ள ஒரு நோட்டு, கம்பெனி லீவு விடுகிற ஞாயிற்றுக்கிழமை. காத்திருக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான்: பதில் தெரிந்தவர்களின் வயது.